அமெரிக்க மாநிலங்களின் ட்ராமா சிகிச்சைச் சட்டங்கள்: திட்டமும் நிதியும் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ட்ராமா அமைப்பு என்று எதைச் சொல்கிறோம்?

சாலை விபத்து, உயரத்திலிருந்து விழுதல், துப்பாக்கிச் சூடு, இயந்திரத்தில் சிக்குதல் போன்றவற்றால் உயிருக்கு ஆபத்தான காயம் (ட்ராமா) அடைந்த ஒருவரை, விபத்து நடந்த இடம் தொடங்கி மறுவாழ்வுச் சிகிச்சை முடியும்வரை யார் யார் கவனிக்க வேண்டும், எந்த மருத்துவமனைக்கு எடுத்துச் செல்ல வேண்டும் என்பதை முன்கூட்டியே முடிவு செய்துவைத்திருக்கும் ஏற்பாடே ட்ராமா அமைப்பு. 911 என்ற அவசர உதவி எண்ணுக்கு வரும் அழைப்பை ஏற்கும் மையம், ஆம்புலன்ஸ் பணியாளர்கள், ஹெலிகாப்டர், வசதிக்கேற்ப நிலை பிரிக்கப்பட்ட மருத்துவமனைகள் (நிலை 1 என்பது உச்ச நிலை), மறுவாழ்வு மையங்கள், ஒவ்வொரு காயத்தின் விவரத்தையும் சேர்த்துவைக்கும் பதிவேடு ஆகியவை இதில் அடங்கும்.

அமெரிக்காவின் பெரும்பாலான பொது மருத்துவமனைகளில் அவசர சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. ஆனால் நள்ளிரவு இரண்டு மணிக்கு வயிற்றுக்குள் இரத்தம் கசிந்தபடி வரும் ஒருவரை அறுவை மருத்துவர் 15 நிமிடத்துக்குள் பார்த்துவிடுவார் என்ற உறுதியை அவற்றில் சிலவே தர முடியும். நிலை 1, நிலை 2 மையங்களிடம் எதிர்பார்க்கப்படுவது அந்த உறுதிதான். மாநிலச் சட்டங்கள் பேசுவதெல்லாம் அந்த உறுதியை யார் தருவது, அதற்கு யார் பணம் கொடுப்பது என்ற இரண்டு கேள்விகளைச் சுற்றியே அமைகின்றன.

இதற்குச் சட்டம் எதற்கு? மருத்துவமனைகளே தங்களுக்குள் பேசி முடிவு செய்துகொள்ள முடியாதா?

ஓரளவுக்கு முடியும், அப்படி நடந்த நகரங்களும் உண்டு. ஆனால் சில செயல்களுக்குச் சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் தீராது. முதலாவது, ஆம்புலன்ஸ் அருகிலிருக்கும் மருத்துவமனையைக் கடந்து தொலைவிலுள்ள ட்ராமா மையத்துக்குச் செல்வது. வழியில் நோயாளி இறந்துவிட்டால் பொறுப்பு யாருடையது என்ற அச்சத்தில் எந்த ஓட்டுநரும் தானாக அந்த முடிவை எடுக்க மாட்டார். விதிமுறை எழுத்தில் இருந்தால்தான் எடுப்பார். இரண்டாவது, தகுதி இல்லாத மருத்துவமனை தன் வாசலில் ‘ட்ராமா மையம்’ என்று பலகை மாட்டிக்கொள்வதைத் தடுப்பது. மூன்றாவது, போட்டியாளர்களான மருத்துவமனைகள் ஒன்றுகூடி நோயாளிகளைப் பகுதி பிரித்துக்கொண்டால் அது வணிகப் போட்டிச் சட்டத்தின்படி குற்றமாகக் கருதப்படக்கூடும். மாநில அரசே அந்தப் பிரிவினையைச் செய்தால் அந்தச் சிக்கல் பெருமளவு நீங்குகிறது.

நான்காவதாக ஒன்றும் உண்டு, அது அதிகம் பேசப்படுவதில்லை. ஒரு மரணம் தவிர்க்கக்கூடியதாக இருந்ததா என்று மருத்துவர்கள் கூடி ஆராயும்போது வெளிப்படையாகப் பேச வேண்டுமானால், அந்தப் பேச்சு நாளை வழக்கில் சான்றாக இழுக்கப்படாது என்ற பாதுகாப்பு அவர்களுக்கு வேண்டும். பல மாநிலங்களின் ட்ராமா சட்டங்களில் அந்தப் பாதுகாப்பு தனிப் பிரிவாகவே இடம்பெறுகிறது. அந்தப் பிரிவு இல்லாவிட்டால் தர ஆய்வுக் கூட்டங்கள் சடங்காகவே முடியும் என்பது என் கருத்து.

இந்தச் சட்டங்கள் எப்போது, எதனால் தொடங்கின?

1966-ல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகமும் அதன் தேசிய ஆராய்ச்சி மன்றமும் வெளியிட்ட ஓர் அறிக்கையே தொடக்கப்புள்ளியாகக் கருதப்படுகிறது. 1965-ஆம் ஆண்டில் மட்டும் விபத்துகளால் 1,07,000 பேர் இறந்தனர் என்றும், 4 லட்சம் பேர் நிரந்தர ஊனமடைந்தனர் என்றும் அது கூறியது. நாட்டின் ஆம்புலன்ஸ் சேவையில் ஏறத்தாழ பாதியைச் சவ அடக்க நிறுவனங்களே நடத்திவந்தன என்ற செய்தியும் அதில் இருந்தது. படுத்த நிலையில் ஒருவரை ஏற்றிச் செல்லத் தோதான வண்டி அவர்களிடம்தான் இருந்தது என்பது அதற்குக் காரணம். அதே ஆண்டில் நெடுஞ்சாலைப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது.

மாநிலங்களில் முதலில் முழு அளவில் இறங்கியது இல்லினாய். 1971-ல் மருத்துவர் டேவிட் பாய்டின் முன்னெடுப்பில் மாநிலம் தழுவிய ட்ராமா மையங்களின் வலைப்பின்னல் அங்கே உருவானது. மேரிலாந்தில் அறுவை மருத்துவர் ஆர். ஆடம்ஸ் கௌலியின் பணியை அடித்தளமாகக் கொண்டு, 1973-ல் ஆளுநர் மார்வின் மாண்டல் பிறப்பித்த ஆணையின் மூலம் அவசர மருத்துவத்துக்கான மாநில நிறுவனம் அமைந்தது. காயம்பட்டவருக்கு முதல் ஒரு மணி நேரமே பொன்னான நேரம் என்ற கருத்தைப் பரப்பியவர் கௌலி.

சட்டமன்றங்களை அசைத்தது 1979-ல் வெளியான ஓர் ஆய்வு. படுகாயமடைந்தவர்களை ஒரே மையத்துக்குக் கொண்டுசென்ற சான்பிரான்சிஸ்கோவையும், அருகிலிருந்த ஏதோ ஒரு மருத்துவமனைக்குக் கொண்டுசென்ற கலிபோர்னியாவின் ஆரஞ்சு கவுண்டியையும் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்றது) அது ஒப்பிட்டது. ஆரஞ்சு கவுண்டியில், மூளை, தண்டுவடக் காயமல்லாத பிற காயங்களால் நேர்ந்த மரணங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தவிர்த்திருக்கக்கூடியவை என்று ஆய்வாளர்கள் கணித்தனர். சான்பிரான்சிஸ்கோவில் அத்தகைய மரணம் ஒன்றே ஒன்றுதான். அடுத்த ஆண்டே ஆரஞ்சு கவுண்டி சில மருத்துவமனைகளை மட்டும் ட்ராமா மையங்களாக அறிவித்துத் தன் முறையை மாற்றிக்கொண்டது.

மத்திய அரசின் பங்கு என்ன?

வந்து வந்து போகும் பங்கு. 1973-ன் அவசர மருத்துவச் சேவை அமைப்புகள் சட்டம் வட்டாரங்களுக்கு நேரடியாகப் பணம் தந்தது. 1981-ல் அந்த நிதி பிற நலத் திட்டங்களோடு சேர்த்து மாநிலங்களுக்கு மொத்த மானியமாக மாற்றப்பட்டது. எதற்குச் செலவிடுவது என்பதை மாநிலமே முடிவு செய்யலாம் என்றானதும், பல இடங்களில் ட்ராமா பின்னுக்குத் தள்ளப்பட்டது. 1988-ல் வெளியான ஒரு கணக்கெடுப்பில், வட்டார ட்ராமா அமைப்புக்கு வேண்டிய எட்டுக் கூறுகளும் முழுமையாக இருந்த மாநிலங்கள் மேரிலாந்தும் வர்ஜீனியாவும் மட்டுமே என்று தெரியவந்தது.

1990-ல் நிறைவேறிய ட்ராமா சிகிச்சை அமைப்புகள் திட்டமிடல், மேம்பாட்டுச் சட்டம் மீண்டும் மானியக் கதவைத் திறந்தது. அதன் கீழ் 1992-ல் வெளியான மாதிரித் திட்டத்தைப் பார்த்தே பல மாநிலங்கள் தங்கள் சட்டத்தை எழுதின. அந்த மானியம் 1990-களின் நடுவில் நின்றது. 2000-களின் தொடக்கத்தில் திரும்பியது. 2006 நிதியாண்டில் மறுபடி நின்றது. மாநிலச் சட்டமன்றங்கள் தங்களுக்கென்று நிதி வழிகளைத் தேடியதற்கு இந்த நிலையின்மையே முதன்மையான காரணம்.

திட்டமிடல் சட்டத்தில் பொதுவாக என்னென்ன இருக்கும்?

எந்தத் துறை தலைமைப் பொறுப்பு ஏற்கும் என்பது முதலில் வரும். பெரும்பாலும் அது மாநிலச் சுகாதாரத் துறை. அடுத்து, ஆலோசனைக் குழுவின் அமைப்பு, மாநிலத்தை வட்டாரங்களாகப் பிரிக்கும் முறை, மருத்துவமனைகளை நிலைவாரியாக அறிவிக்கும் விதி, களத்தில் நோயாளியைத் தரம் பிரிக்கும் விதி, பதிவேட்டுக்குத் தகவல் தரும் கடமை ஆகியவை இருக்கும்.

வட்டாரப் பிரிவுக்கு டெக்சாஸ் நல்ல எடுத்துக்காட்டு. 1989-ல் ஊரக மருத்துவத்தை மீட்பதற்காக நிறைவேறிய ஒரு விரிவான சட்டத்தின் தொடர்ச்சியாக அம்மாநிலம் 22 ட்ராமா சேவைப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொன்றுக்கும் ஒரு வட்டார ஆலோசனை மன்றம் உண்டு. எல் பாசோவுக்குப் பொருந்தும் விதி ஹூஸ்டனுக்குப் பொருந்தாது என்பதை மாநிலத் தலைநகரான ஆஸ்டினில் இருந்தவர்கள் ஏற்றுக்கொண்டது இந்தச் சட்டத்தின் சிறப்பு.

வாஷிங்டன் மாநிலம் வேறு விதமாக யோசித்தது. 1990-ல் அது இயற்றிய ட்ராமா சட்டத்தின்படி, ஒவ்வொரு வட்டாரத்திலும் ஒவ்வொரு நிலையிலும் குறைந்தது எத்தனை மையங்கள் வேண்டும், அதிகபட்சம் எத்தனை இருக்கலாம் என்பதைத் திட்டமே சொல்லிவிடுகிறது. கீழ் வரம்போடு மேல் வரம்பையும் எழுதியதில்தான் அந்தத் திட்டத்தின் முதிர்ச்சி தெரிகிறது. காரணத்தை அடுத்து வரும் கேள்வியில் காணலாம்.

தகுதியுள்ள மருத்துவமனைகள் எல்லாம் ட்ராமா மையமாகட்டுமே! எண்ணிக்கை கூடினால் நல்லதுதானே?

கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இந்த வாதமே நடைமுறையில் அதிக வழக்குகளைப் பெற்றிருக்கிறது. படுகாயமடைந்தவர்களின் எண்ணிக்கை ஒரு வட்டாரத்தில் ஓரளவு நிலையானது. மையங்கள் இரட்டிப்பானால் ஒவ்வொரு மையத்துக்கும் வரும் நோயாளிகள் பாதியாகிறார்கள். கை பழகினால்தான் அறுவை மருத்துவரின் திறன் நிற்கும். இதனால்தான் அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரி (பெயர் கல்லூரி என்றாலும் இது அறுவை மருத்துவர்களின் தொழில்முறைச் சங்கம்), பெரியவர்களுக்கான நிலை 1 மையம் ஆண்டுக்குக் குறைந்தது 1,200 ட்ராமா நோயாளிகளையாவது, அல்லது மிகக் கடுமையான காயமுடைய 240 பேரையாவது சேர்த்திருக்க வேண்டும் என்று வரையறுத்தது.

பணக் கோணமும் இருக்கிறது. காப்பீடு உள்ளவர்கள் வசிக்கும் புறநகரில் புதிய மையம் திறந்தால், கட்டணம் செலுத்தக்கூடியவர்கள் அங்கே போய்விடுவார்கள். காப்பீடு இல்லாதவர்கள் நகரின் பழைய பொது மருத்துவமனைக்கே வருவார்கள். அந்தப் பழைய மையத்தின் வரவு குறையும், செலவு குறையாது. புளோரிடாவில் புதிய மையங்களுக்கு அனுமதி தரும் முறை குறித்துப் பழைய மையங்களும் புதியவையும் பல ஆண்டுகள் நீதிமன்றத்தில் மோதின. கடைசியில் 2018-ல் சட்டமன்றமே தலையிட்டு விதிகளைத் திருத்தி எழுத வேண்டியதாயிற்று. தேவைக் கணக்கைச் சட்டத்தில் தெளிவாக எழுதாமல் விட்டால் அதை வழக்கறிஞர்கள் எழுதுவார்கள்.

நிலையை அறிவிப்பது மாநிலமா, அறுவை மருத்துவர் கல்லூரியா?

இரண்டும் வெவ்வேறு செயல்கள், செய்திகளில் அடிக்கடி குழப்பப்படுகின்றன. ஒரு மருத்துவமனையிடம் தகுதிக்குரிய வசதிகள் உள்ளனவா என்று பார்த்துச் சான்று தருவது கல்லூரியின் வேலை. அந்த மருத்துவமனைக்கு ஆம்புலன்ஸ்கள் நோயாளிகளைக் கொண்டுசெல்ல வேண்டும் என்று சட்டப்படி அறிவிப்பது மாநிலத்தின் அல்லது வட்டார அமைப்பின் அதிகாரம். கல்லூரியின் சான்றையே அடிப்படையாக ஏற்கும் மாநிலங்களும் உண்டு. சொந்தத் தர விதிகளை வைத்திருப்பவையும் உண்டு. பென்சில்வேனியாவில் 1985-ன் சட்டத்தின் கீழ் இந்தப் பணி தனி அறக்கட்டளை ஒன்றிடம் ஒப்படைக்கப்பட்டது.

சாதாரண மருத்துவச் செலவுக்குக் காப்பீடு இருக்கிறதே, ட்ராமாவுக்கு மட்டும் தனி நிதி ஏன்?

இந்தப் பக்கத்தில் உள்ள கேள்விகளில் இதைத்தான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். காப்பீட்டு நிறுவனம் பணம் கொடுப்பது ஒரு நோயாளிக்குச் செய்த சிகிச்சைக்காக. ட்ராமா மையத்தின் பெரிய செலவோ நோயாளி வருவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. அறுவை மருத்துவர், மயக்க மருத்துவர், நரம்பியல் அறுவை மருத்துவர், எலும்பு மருத்துவர் ஆகியோர் இரவும் பகலும் அழைப்புக்குக் காத்திருக்க வேண்டும். அறுவை அரங்கு ஒன்று காலியாக இருக்க வேண்டும். இரத்தம் தயாராக இருக்க வேண்டும். பதிவேட்டுப் பணியாளர், பயிற்சி, தர ஆய்வு எல்லாவற்றுக்கும் சம்பளம் உண்டு. அன்றிரவு ஒருவரும் வராவிட்டாலும் இந்த ஆயத்தச் செலவு குறைவதில்லை. தீ பிடிக்காத நாளிலும் தீயணைப்பு நிலையத்துக்குச் சம்பளம் கொடுப்பதைப் போன்றது இது. ஆனால் தீயணைப்பு நிலையத்தை நகராட்சி வரியில் நடத்துகிறோம், ட்ராமா மையத்தை மட்டும் தனித்தனி பில்களில் நடத்தச் சொல்கிறோம்.

இதனோடு இன்னொரு சுமையும் சேர்கிறது. 1986-ன் மத்தியச் சட்டப்படி, அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வரும் எவரையும் பணம் கொடுக்கும் வசதியைப் பார்க்காமல் பரிசோதித்து நிலைப்படுத்த வேண்டும். கடமையை விதித்த அந்தச் சட்டம் அதற்கான பணத்தைத் தரவில்லை. காயமடைவோரில் இளைஞர்களும் காப்பீடு இல்லாதவர்களும் அதிகம். லாஸ் ஏஞ்சலிஸ் கவுண்டியில் 1983-ல் தொடங்கிய ட்ராமா வலைப்பின்னலிலிருந்து அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் பல மருத்துவமனைகள் நட்டம் தாங்காமல் விலகின.

மருத்துவர்கள் விலகினாலும் மையம் மூடும். 2002 ஜூலையில் லாஸ் வேகஸில் இருந்த பொது மருத்துவமனையின் ட்ராமா மையம், மருத்துவத் தவறுக்கான காப்பீட்டுக் கட்டணம் எகிறியதால் அறுவை மருத்துவர்கள் விலகிவிட 10 நாட்கள் மூடிக்கிடந்தது. நெவாடா சட்டமன்றம் அந்த மாதமே சிறப்புக் கூட்டம் கூடி இழப்பீட்டு வரம்பு குறித்துச் சட்டம் இயற்றியது.

மாநிலங்கள் இந்தப் பணத்தை எங்கிருந்து எடுக்கின்றன?

இதில் சட்டமன்றங்களின் கற்பனை வளம் வியப்பூட்டுகிறது. எங்கே அரசியல் எதிர்ப்பு குறைவோ அங்கே கை வைத்திருக்கிறார்கள் என்றும் சொல்லலாம்.

வாகனப் பதிவோடு சேர்த்து வசூலிப்பது ஒரு வழி. மேரிலாந்தில் ஒவ்வொரு வாகனப் பதிவிலும் அவசர மருத்துவத்துக்கான கூடுதல் கட்டணம் உண்டு. 2013-ல் ஆண்டுக்கு 17 டாலராக உயர்ந்த அந்தக் கட்டணம் 2024-ல் 40 டாலராக்கப்பட்டது. மாநிலக் காவல்துறையின் மருத்துவ ஹெலிகாப்டர்களும் பால்டிமோரில் உள்ள ‘ஷாக் ட்ராமா’ மையமும் இதில் பங்கு பெறுகின்றன. 2003-ல் இதே மாநிலம் பதிவுக் கட்டணத்திலிருந்தே ட்ராமா மருத்துவர்களுக்கென்று தனி நிதியம் ஒன்றையும் உருவாக்கியது. காப்பீடு இல்லாத நோயாளியைக் கவனித்த மருத்துவருக்கும், அழைப்புக்குக் காத்திருந்த நேரத்துக்கும் அதிலிருந்து பணம் தரப்படுகிறது. வாஷிங்டன் மாநிலம் வாகன விற்பனையின்போது ஒரு கட்டணத்தையும் போக்குவரத்து அபராதத்தின் மீது ஒரு கூடுதல் தொகையையும் சேர்த்து எடுக்கிறது.

அபராதம் இரண்டாவது வழி. கலிபோர்னியா 1987-ல் கவுண்டிகளுக்கு அனுமதித்த அவசர மருத்துவ நிதியம் அபராதத் தொகையின் மேல் விதிக்கும் கூடுதல் தண்டத்தால் நிரம்புகிறது. சிவப்பு விளக்கை மீறுவோரைப் படம்பிடிக்கும் கேமராக்களைப் புளோரிடா 2010-ல் சட்டபூர்வமாக்கியபோது, 158 டாலர் அபராதத்தில் 10 டாலரை ட்ராமா மையங்களுக்கு ஒதுக்கியது.

மூன்றாவது, தீய பழக்கங்களின் மீதான வரி. ஆர்கன்சாஸ் 2009-ல் சிகரெட் பாக்கெட் ஒன்றுக்கு 56 சென்ட் வரியை உயர்த்தி, அதே ஆண்டில் இயற்றிய ட்ராமா அமைப்புச் சட்டத்துக்கு அதிலிருந்து பணம் கண்டது. அரிசோனா வாக்காளர்கள் 2002-ல் ஏற்ற பழங்குடியினர் சூதாட்ட அரங்குகள் குறித்த தீர்மானத்தின்படி, கண்காணிப்புச் செலவும் சூதாட்டத்துக்கு அடிமையானோருக்கான நிதியும் போக மாநிலத்துக்கு மிஞ்சும் பங்கில் 28 விழுக்காடு ட்ராமா, அவசர சேவை நிதியத்துக்குச் செல்கிறது. ஜார்ஜியா 2016-ல் பட்டாசு விற்பனை வரியில் 55 விழுக்காட்டை ட்ராமாவுக்கு ஒதுக்கியது.

சொத்து வரியும் உண்டு. லாஸ் ஏஞ்சலிஸ் கவுண்டி வாக்காளர்கள் 2002-ல், கட்டடப் பரப்பில் சதுர அடிக்கு 3 சென்ட் வீதம் கொடுக்க மூன்றில் இரண்டு பங்குக்கும் மேற்பட்ட பெரும்பான்மையோடு சம்மதித்தனர். இது மாநிலச் சட்டம் அல்ல, கவுண்டி அளவிலான முடிவு. ஆனாலும் மையங்கள் மூடப்படும் என்று மக்களுக்குத் தெளிவாகச் சொன்னால் அவர்கள் வரி கொடுக்கத் தயங்குவதில்லை என்பதற்குச் சான்று.

அபராதத்திலிருந்து நிதி எடுப்பது நியாயமான முறைதானே? விபத்துக்குக் காரணமானவரே கொடுக்கட்டுமே.

கேட்க இனிமையான வாதம். டெக்சாஸின் அனுபவத்தைப் பார்த்தபின் அதை முழுதாக ஏற்க முடியவில்லை. 2003-ல் அந்த மாநிலம் ஓட்டுநர் பொறுப்புத் திட்டம் என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. போதையில் வாகனம் ஓட்டியவர், உரிமம் அல்லது காப்பீடு இல்லாமல் ஓட்டியவர் ஆகியோர் நீதிமன்ற அபராதத்துக்கு மேல் மூன்று ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் கூடுதல் தொகை கட்ட வேண்டும். வசூலில் ஏறத்தாழ பாதி ட்ராமா மையங்களுக்கு, பாதி மாநிலப் பொது நிதிக்கு. கட்ட முடியாதவர்களின் உரிமம் ரத்தானது. உரிமம் இல்லாமல் வேலைக்கு வண்டி ஓட்டிப் போனவர்களுக்கு மீண்டும் கட்டணம் விழுந்தது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் உரிமம் இழந்தனர். திட்டம் கொடுமையானது என்று கட்சி வேறுபாடின்றி ஒப்புக்கொண்ட பிறகும் அதை நீக்குவது பல ஆண்டுகள் தள்ளிப்போனது, ஏனென்றால் ட்ராமா மையங்கள் அதையே நம்பியிருந்தன. 2019-ல்தான் அது நீக்கப்பட்டது. வாகனக் காப்பீட்டின் மீதான கட்டணத்தை 2 டாலரிலிருந்து 4 டாலராகவும், மாநிலப் போக்குவரத்து அபராதத்தை 30 டாலரிலிருந்து 50 டாலராகவும் உயர்த்தி ஈடுகட்டினார்கள்.

அபராத நிதியில் இன்னொரு குறையும் இருக்கிறது. மக்கள் ஒழுங்காக வண்டி ஓட்டத் தொடங்கினால் வரவு குறையும். ஆனால் ஆயத்தச் செலவு குறையாது. முதியவர் குளியலறையில் வழுக்கி விழுவதும் ட்ராமாதான், அதற்கும் வேக வரம்புக்கும் தொடர்பில்லை. எல்லாரும் கொடுக்கும் சிறிய, நிலையான கட்டணமே இதற்கு ஏற்றது என்று நினைக்கிறேன். மேரிலாந்தின் வழி சலிப்பூட்டுவதாக இருந்தாலும் அதுவே நீடித்திருக்கிறது.

ட்ராமாவுக்கென்று வசூலித்த பணம் ட்ராமாவுக்கே போய்ச் சேருகிறதா?

எப்போதும் இல்லை. ஜார்ஜியாவின் வரலாறு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. 2007-ல் அங்கே ட்ராமா வலைப்பின்னல் ஆணையம் சட்டப்படி அமைந்தது, நிலையான நிதியில்லாமல். 2010 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த அதிவேக ஓட்டுநர் சட்டம், இருவழிச் சாலையில் மணிக்கு 75 மைலோ அதற்கு மேலோ, மற்றச் சாலைகளில் 85 மைலோ அதற்கு மேலோ ஓட்டியவருக்கு 200 டாலர் கூடுதல் கட்டணம் விதித்தது. ட்ராமாவுக்காக என்று சொல்லியே அது விற்கப்பட்டது. ஆனால் அம்மாநில அரசியலமைப்பு அப்போது வரவை ஒரு குறிப்பிட்ட செலவுக்கென்று கட்டிவைக்க இடம் தரவில்லை. பணம் பொது நிதியில் கலந்தது, எவ்வளவு திரும்பி வரும் என்பது ஆண்டுதோறும் சட்டமன்றத்தின் விருப்பமாயிற்று. அதே 2010 நவம்பரில், வாகனம் ஒன்றுக்கு 10 டாலர் வீதம் ட்ராமாவுக்கென்றே வசூலிக்கும் அரசியலமைப்புத் திருத்தம் வாக்கெடுப்புக்கு வந்தது, மக்கள் நிராகரித்தார்கள். இப்படிப்பட்ட ஒதுக்கீடுகளைச் சட்டத்தால் கட்டிக்காக்க வழி செய்யும் திருத்தம் 2020-ல்தான் நிறைவேறியது.

எனவே ஒரு மசோதாவைப் படிக்கும்போது எவ்வளவு வசூலாகும் என்பதற்கு முன்பே, அது எந்தக் கணக்கில் விழுகிறது, ஆண்டு முடிவில் செலவாகாத தொகை அங்கேயே தங்குமா அல்லது பொது நிதிக்குத் திரும்புமா என்ற இரண்டு வரிகளைத் தேடிப் படிப்பது நல்லது. டெக்சாஸில் ட்ராமா கணக்கில் பணம் இருந்தும், மாநில வரவு செலவு சமமாகத் தெரிவதற்காக அதன் ஒரு பகுதி செலவிடப்படாமல் நிறுத்திவைக்கப்பட்ட ஆண்டுகள் உண்டு.

கிடைத்த பணம் எப்படிப் பங்கிடப்படுகிறது?

பெரும் பகுதி மருத்துவமனைகளுக்கு, சிறு பகுதி ஆம்புலன்ஸ் சேவைகளுக்கும் வட்டார மன்றங்களுக்கும், இன்னும் சிறிது நிர்வாகத்துக்கும். மருத்துவமனைகளுக்குள் பங்கிடும்போது, பணம் வராத சிகிச்சையின் மதிப்பைக் கணக்கிடுவது ஒரு முறை. நிலைக்கேற்ற ஆயத்தச் செலவைக் கொடுப்பது இன்னொரு முறை. முதல் முறை பெருநகர மையங்களுக்குச் சாதகம், இரண்டாவது சிறு ஊர்களுக்குச் சாதகம். இரண்டையும் கலந்து வைத்திருக்கும் மாநிலங்களே அதிகம்.

ஒரு மருத்துவமனையை ட்ராமா அமைப்பில் சேரும்படி கட்டாயப்படுத்த முடியுமா?

பெரும்பாலான மாநிலங்களில் சேர்வது விருப்பம். மிசிசிப்பி மட்டும் 2008-ல் ஒரு துணிச்சலான வழியைக் கண்டது: தகுதியும் வசதியும் இருந்தும் உரிய நிலையில் சேராத மருத்துவமனை, அதன் திறனுக்கேற்ப ஆண்டுக் கட்டணம் செலுத்த வேண்டும். அந்தப் பணம் சேர்ந்திருக்கும் மருத்துவமனைகளுக்குப் போகும். கட்டணத்தைக் கட்டிவிட்டு வெளியே நிற்பதே இலாபம் என்று கணக்குப் போட்ட மருத்துவமனைகளும் இருக்கத்தான் செய்தன.

மாநில எல்லைக்கு அருகில் காயமடைந்தால் என்ன ஆகும்?

மெம்ஃபிஸ் நகரம் டென்னசியில் இருக்கிறது. ஆர்கன்சாஸும் மிசிசிப்பியும் அதன் கூப்பிடு தொலைவில். காயமடைந்தவர் எல்லையைப் பார்த்து விழுவதில்லை. ஆர்கன்சாஸ் தன் சட்டத்தின் கீழ் எல்லைக்கு அப்பாலுள்ள மருத்துவமனைகளையும் தன் அமைப்பின் உறுப்புகளாக ஏற்றுக்கொண்டது. இது சிறிய ஏற்பாடாகத் தோன்றலாம், ஆனால் மாநில வரிப்பணம் மாநிலத்துக்கு வெளியே போவதைச் சட்டமன்ற உறுப்பினர்களுக்கு விளக்குவது எளிதல்ல.

இந்தச் சட்டங்களால் உயிர்கள் காப்பாற்றப்பட்டதற்குச் சான்று உண்டா?

உண்டு. ஆனால் பொறுமை வேண்டும். 2000-ல் வெளியான ஒரு விரிவான ஆய்வு, ஒழுங்குபடுத்தப்பட்ட ட்ராமா அமைப்பு உள்ள மாநிலங்களில் வாகன விபத்து மரணம் ஏறத்தாழ 8 விழுக்காடு குறைந்ததாகவும், அந்தப் பயன் தெரியத் தொடங்குவதற்கு அமைப்பு வந்தபின் 10 ஆண்டுகள் ஆனதாகவும் கண்டது. இரண்டாண்டுக்கு ஒருமுறை தேர்தலைச் சந்திக்கும் உறுப்பினருக்கு இது உவப்பான செய்தி அல்ல. 2006-ல் வெளியான மற்றோர் ஆய்வின்படி, ட்ராமா மையத்தில் சிகிச்சை பெற்றவர்கள் ஓராண்டுக்குள் இறக்கும் வாய்ப்பு, மற்ற மருத்துவமனைகளில் சிகிச்சை பெற்றவர்களைவிட 25 விழுக்காடு குறைவு.

எனக்கு அதிகம் உறைத்தது ஆர்கன்சாஸ் கணக்கு. 2009 வரை மாநிலம் தழுவிய ட்ராமா அமைப்பே இல்லாதிருந்த அந்த மாநிலத்தில், சட்டத்துக்கு முன் நேர்ந்த மரணங்களில் தவிர்த்திருக்கக்கூடியவை 30 விழுக்காடு என்றும், சில ஆண்டுகளில் அது 16 விழுக்காடாகக் குறைந்தது என்றும் 2017-ல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. முன்பும் பின்பும் ஒரே அளவுகோலால் அளந்ததால் இந்த ஆய்வுக்கு எடை அதிகம். சட்டம் வந்தபின் பதிவேட்டைத் தொடங்கும் மாநிலங்களால் இப்படி ஒப்பிட முடியாது.

நாடு முழுவதற்கும் பார்த்தால் வேலை இன்னும் மிச்சமிருக்கிறது. 2016-ல் தேசிய அறிவியல், பொறியியல், மருத்துவக் கழகங்கள் வெளியிட்ட அறிக்கை, 2014-ல் காயங்களால் இறந்த 1,47,790 பேரில் 20 விழுக்காடுவரை, அதாவது ஏறத்தாழ 30,000 பேர், சிறந்த சிகிச்சை கிடைத்திருந்தால் பிழைத்திருக்கக்கூடும் என்றது.

இத்தனை பொதுப் பணம் இருந்தும் நோயாளிக்குப் பில் வருமா?

வரும். மாநில நிதியம் மையத்தின் ஆயத்தச் செலவின் ஒரு பகுதியையும் பணம் வராத சிகிச்சையின் ஒரு பகுதியையும் மட்டுமே ஈடுகட்டுகிறது. நோயாளி வருகிறார் என்று குழுவை அழைத்துத் திரட்டியதற்கென்றே தனிக் கட்டணம் விதிக்கவும் மையங்களுக்கு இடம் உண்டு. ஒருவர் வந்து சில மணி நேரத்தில் வீடு திரும்பினாலும் அது பில்லில் இருக்கலாம்.

தனியார் ஹெலிகாப்டரின் கட்டணத்தை மாநிலச் சட்டமன்றத்தால் கட்டுப்படுத்த முடியாது. விமானக் கட்டணங்களை மாநிலங்கள் ஒழுங்குபடுத்தக் கூடாது என்ற 1978-ன் மத்தியச் சட்டம் அவசர ஹெலிகாப்டருக்கும் பொருந்தும் என்று நீதிமன்றங்கள் தீர்ப்பளித்துள்ளன. காப்பீட்டு வலைப்பின்னலுக்கு வெளியே உள்ளவர்கள் எதிர்பாராத பில் அனுப்புவதைத் தடுக்கும் மத்தியச் சட்டம் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தபோது ஹெலிகாப்டரும் அதற்குள் வந்தது. சாலையில் ஓடும் ஆம்புலன்ஸை அந்தச் சட்டம் வெளியே விட்டுவிட்டது. ஆகவே சாலை ஆம்புலன்ஸின் பில்லுக்கு வரம்பு உண்டா இல்லையா என்பது, விபத்து எந்த மாநிலத்தில் நடந்தது, காப்பீடு எந்த வகையைச் சேர்ந்தது என்பதைப் பொறுத்தே அமையும்.